மகரவேந்தனை மன்னிக்கலாமா

மகரவேந்தன் ஏழாவது ஊரின் ஆற்றையும் சங்குக்குள் உறிஞ்சி அடைத்த அன்று, அப்பாஸ் தட்டில் இருந்த இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"இவனையெல்லாம் மன்னிக்கவே கூடாது புள்ள. எடு போனை."

இஃப்பத் வாட்ஸப்பில் குழுவைத் திறந்து, பேசும் பொத்தானை அழுத்தியபடி போனை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அத்தாவுக்கு அந்தப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே பேச வராது. பேச்சு சூடு பிடித்ததும் கையை ஆட்டத் தொடங்கிவிடுவார். விரல் எழும்பும், பேச்சு பாதியிலேயே போய்விடும்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம். பேகம்பூர் ரொட்டிக்கடை அப்பாஸ் பேசுறேன். இன்னைக்கு அந்தப் பய பண்ணுன வேலயப் பாத்தீங்களா…"

'நீர்முடி' வாரநாட்களில் மாலை ஏழு மணிக்கு வருகிற தொடர். மாயமும் மந்திரமும் கலந்த அரசர் கதை. மழை பொய்த்துப்போன ஒரு நாட்டுக்கு மழை தருவதாகக் கடலடி மக்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஈடாக அரச வம்சத்தில் ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். பட்டத்து இளவரசன் தன் சின்னத் தம்பியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வருகிறான். அப்புறம் போகவே இல்லை. அந்தத் தம்பிதான் மகரவேந்தன். கடலுக்கடியிலேயே வளர்ந்து, கையில் ஒரு மாயச் சங்கோடு திரும்பி வந்து, அண்ணன் நாட்டு ஆறுகளை ஒவ்வொன்றாக அந்தச் சங்குக்குள் அடைக்கிறான். ஊர்கள் காய்கின்றன. ஒரு ஊரில் பூவணி என்ற குழந்தை தாகத்தில் செத்தே போய்விடுகிறது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சுருளிவேல்தான் திண்டுக்கல் வட்டார ரசிகர்களுக்கென்று அந்தக் குழுவை ஆரம்பித்தான். நாயகியின் புடவையில் தொடங்கிய பேச்சு, போகப் போக ஒரே கேள்வியில் வந்து நின்றது. மகரவேந்தனை மன்னிக்கலாமா, கூடாதா? பூவணி செத்த வாரத்தில் குழு இரண்டாகப் பிளந்தது. கூடாது என்ற கட்சிக்கு அப்பாஸ் கேட்காமலேயே தலைவரானார். அவருடைய குரல் பதிவுக்காகவே ஏழரை மணிக்குக் காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள்.

இஃப்பத்துக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அம்மா மௌத்தான பிறகு வீட்டில் அத்தாவும் அவளும் மட்டும்தான். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து வந்தால், அவர் கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு வந்திருப்பார். இருவரும் பேசிக்கொள்ள அதிகம் இருக்காது. தொடர் வந்த பிறகு பேச ஒரு ஆள் கிடைத்தான்.

ஆனால் ஒருநாள் அவள் அவனுக்காகப் பரிந்து பேசிவிட்டாள்.

"சின்னப் புள்ளயா இருக்கயில அவனக் கூப்பிட யாருமே போகலயே த்தா. அது தப்பில்லயா?"

"கஷ்டப்பட்டவன் எல்லாம் கெட்டவனாவா போயிட்டான்? மத்தவங்க மானம் மரியாதயப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா அப்படிப் பண்ணியிருப்பானா? மன்னிப்புன்னு ஒரு வார்த்த கேட்டானா?"

அவர் குரல் உயர்ந்தது. மானம் மரியாதை என்ற சொல் 'நீர்முடி'யில் எங்கும் வரவில்லை. அது இந்த வீட்டில் மட்டும் நடந்த கதையில் வருகிற சொல்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் நிஹாலுக்கும், அத்தாவின் அக்கா சைதூன் மாமியின் மகள் ருக்சானாவுக்கும் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். நிஹால் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஒரே தெருவில் ஒன்றாக உருண்டு வளர்ந்தவள், எனக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை என்றான். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அத்தா முடித்துவிட்டார். பத்திரிகை கொடுத்து, மண்டபம் பிடித்து, ஆடு வாங்கிக் கட்டின பிறகு நிஹால் ஒரு பையோடு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அங்கே மோட்டார் பம்பு செய்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பிறகு தெரிந்தது.

அன்றைக்கு அத்தா அக்கா வீட்டு வாசலில் போய் நின்றதை இஃப்பத் பார்த்தாள். அவர் உள்ளே போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னைலருந்து எனக்கு மகன் இல்ல. ஒனக்கு மொகத்தக் காட்ட எனக்கு யோக்கியத இல்ல" என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மாமி உள்ளேயிருந்து ஏதோ கூப்பிட்டது கேட்டது. அவர் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பெருநாளைக்கு மாமி கொடுத்தனுப்பியது எதையும் அவர் வாங்கவில்லை. மாமி கோபத்தில் மூடி போட்ட பாத்திரத்தில் நெருப்பைத்தான் அனுப்புகிறாள் என்பதுபோல் பயந்தார். பிறகு மாமியும் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். ருக்சானாவுக்குப் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனபோது பத்திரிகை வந்தது. அத்தா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

நிஹால் வெள்ளிக்கிழமைகளில் தங்கைக்குப் போன் பண்ணுவான். அவள் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். இறங்கி வந்ததும் அத்தா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "துணி காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு த்தா."

"நல்லாக் காஞ்சிருச்சா?"

"நல்லாக் காஞ்சிருச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அண்ணனைப் பற்றி ஒரு சொல் பேசினால் அவர் எழுந்து போய்விடுவார்.

தொடர் முடியப்போகிறது என்ற செய்தி வந்ததும் சுருளிவேலுக்கு ஒரு யோசனை வந்தது. கடைசி வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில், குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் நேரில் கூடி ஒரு பட்டிமன்றம் நடத்தினால் என்ன? சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கடை வைத்திருக்கும் மணிமேகலை, தன் கடைக்கு மேலே இருக்கிற கூடத்தைத் தருவதாகச் சொல்லி நடுவர் பதவியையும் எடுத்துக்கொண்டாள். கட்சிக்கு இரண்டு பேர். மன்னிக்கக் கூடாது என்று பேச அப்பாஸும், செம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழனிக்குமாரும். மன்னிக்கலாம் என்று பேச ஃபாயிஸா என்ற கல்லூரி மாணவியும், ஒட்டன்சத்திரத்து வாத்தியார் ஒருவரும்.

அப்பாஸ் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். எல்லோருக்கும் கொடுக்க அட்டைப்பெட்டி நிறையத் தேங்காய் பன் கட்டி எடுத்துக்கொண்டார். மதுரை ரோட்டில் பஸ் போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். இந்த மனிதர் கடைசியாக எதற்காவது இப்படி ஆசையாகக் கிளம்பியது எப்போது என்று இஃப்பத் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

கூடம் நிறைந்துவிட்டது. சேலை மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "நீங்கதானா அது!" என்று சிரித்துக்கொண்டார்கள். அப்பாஸைச் சுற்றி ஒரு சிறு கூட்டமே நின்றது. குழுவில் பாட்டுப் பாடி அனுப்புகிற ஒரு அம்மாள் அவரிடம் கையெழுத்துக் கேட்டாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தொடங்குகிற நேரத்தில் சுருளிவேல் கையைப் பிசைந்துகொண்டு வந்தான். ஒட்டன்சத்திரத்து வாத்தியாருக்குக் காய்ச்சலாம், வரமாட்டாராம்.

மணிமேகலை மைக்கைத் தட்டினாள். "மகரவேந்தனுக்கு வந்த சோதனையப் பாருங்க. அவனுக்காகப் பேச வேண்டியவரும் கூப்பிட வரல!" கூடம் சிரித்தது. "அப்பாஸ் அண்ணன் பேசி முடிக்கட்டும். அதுக்குள்ள ஒங்கள்ல யாருக்காச்சும் தைரியம் இருந்தா முன்னாடி வாங்க."

அப்பாஸ் பேசினார். போனுக்குப் பேசுவதைவிட நன்றாகவே பேசினார். பூவணி கடைசியாகக் காலிக் குடத்துக்குள் எட்டிப் பார்த்த காட்சியை அவர் சொன்னபோது முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "காரணம் எல்லாருக்கும் இருக்கும். ஒருத்தன் பண்ணுன காரியத்தால ஒரு குடும்பமே தலகுனிஞ்சு நின்னுச்சே, அதுக்கு அவன் காரணம் ஈடாகுமா? மன்னிப்புன்னு ஒரு வார்த்த கேட்டானா?" என்று கேட்டு முடித்தார். பலத்த கைதட்டல். குடும்பம் தலைகுனிந்தது எந்தக் காட்சியில் என்று யாரும் கேட்கவில்லை. இஃப்பத் தரையைப் பார்த்துக்கொண்டு கை தட்டினாள்.

அடுத்து ஃபாயிஸா எழுந்து, சங்கைக் கொடுத்த கடலரசிதான் உண்மையான குற்றவாளி, அவன் வெறும் கருவி என்று வேகவேகமாகப் பேசிவிட்டு, இறங்கி வந்து இஃப்பத்தின் பக்கத்தில் அமர்ந்தாள்.

"இன்னொருத்தர்?" என்றாள் மணிமேகலை. "யாரும் இல்லியா?"

பின்வரிசையில் கறுப்புப் புர்கா உடுத்த ஒரு பெண் எழுந்தாள். முழங்காலில் கையை ஊன்றி எழுந்த அந்த விதத்திலேயே இஃப்பத்துக்குத் தெரிந்துவிட்டது. சைதூன் மாமி.

இத்தனை பேருக்கு நடுவில், மைக்கைக் கையில் வாங்கி, நாலு வருஷத்துக் கோபத்தையும் மாமி கொட்டப் போகிறாள். அத்தா தாங்கமாட்டார். மேடையிலேயே விழுந்துவிடுவார். எழுந்து போய் மாமியின் கையைப் பிடித்துத் தடுக்கலாமா என்று இஃப்பத் நினைப்பதற்குள் மாமி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்குப் போய்விட்டாள். அப்பாஸ் அக்காவைப் பார்த்தார். பார்த்த மறுகணம் தன் முழங்கால்களைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றாள் மணிமேகலை.

"பேரு எதுக்கு? குரூப்ல இருக்கேன். பேசுனதில்ல, கேக்க மட்டும் செய்வேன்." மாமி மைக்கை வாயை விட்டுத் தள்ளிப் பிடித்திருந்தாள். சுருளிவேல் ஓடிவந்து அதைச் சரிசெய்தான். "எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. முன்னாடி பேசுனவரு நல்லாப் பேசுவாரு. சின்ன வயசுலருந்தே நல்லாப் பேசுவாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அப்பாஸ் நிமிரவில்லை.

"அந்தப் புள்ளயக் கடலுக்கடியில விட்டுட்டு வந்தாங்கள்ல, மறுவருஷம் மழ பேஞ்சுச்சு. அரமணையில விருந்து வச்சாங்க. அந்த எபிசோட நான் ரெண்டு தடவ பாத்தேன். அத்தன பேரு உக்காந்து சாப்புடுறாங்க, ஒரு ஆளு, சின்னவன் எங்கன்னு கேக்கல. கேட்டா அண்ணங்காரன் மொகம் வாடிப்போயிருமாம். அதனால எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க. மரியாதயாம்."

மாமி மூச்சு வாங்கினாள்.

"அவன் கோவத்துல ஆத்த அடைக்கிறான்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு அப்படித் தோணல. ஆத்த அடைச்சா அண்ணன் தேடிக்கிட்டு வருவான்ல? சண்ட போடவாச்சும் வருவான்ல? அதுக்குத்தான் அடைக்கிறான். ஒவ்வொரு ஊரா அடைச்சிட்டு, ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறான். நல்லாப் பாருங்க, எல்லா எபிசோட்லயும் கடைசியில ரோட்டத்தான் பாக்குறான்."

அது உண்மைதான் என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஃபாயிஸா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி பேசுனவரு கேட்டாரு, அவன் மன்னிப்புக் கேட்டானான்னு. கேக்கணும்னா கதவு தெறந்திருக்கணும்ல? போன் அடிச்சா எடுக்கணும்ல?"

"அந்தக் காலத்துல ஏதுக்கா போனு?" என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. அவமானப்பட்டது யாரோ, அவங்க அன்னைக்கே மறந்துட்டுப் பொழப்பப் பாக்கப் போயிட்டாங்க. அவங்களுக்காகக் கோவப்படுறேன்னு இன்னொருத்தர் அதத் தூக்கிச் சொமந்துக்கிட்டுத் திரியிறாரு. தெருவுல எதிர்ல வந்தா அடுத்த சந்துல நொழஞ்சு ஓடுறாரு. சொமக்கச் சொல்லி யாரும் கேக்கல. எறக்கி வச்சிருங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். வேறொண்ணுமில்ல."

அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். கைதட்டல் சற்றுத் தாமதித்துத்தான் வந்தது, வந்ததும் நிற்கவில்லை. ஃபாயிஸா இஃப்பத்தின் பக்கம் சாய்ந்து, "கடைசியில சொன்னது எந்த எபிசோடுக்கா? நான் பாக்கவே இல்லயே" என்றாள். இஃப்பத் பின்வரிசைக்குப் போகும் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுத்துப் பேச அப்பாஸ் அண்ணனுக்கு ரெண்டு நிமிஷம்" என்றாள் நடுவர்.

அப்பாஸ் எழுந்து மைக் முன்னால் வந்தார்.

"இப்பப் பேசுனது எங்க அக்கா" என்றார்.

மேடையில் இருந்த தன் நாற்காலிக்குப் போகாமல், படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பக்கமாக நடந்து, பின்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மாமி அவரைத் திரும்பிப் பார்க்காமலேயே தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து அவருக்கு இடம் விட்டாள்.

விஷயம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தவித்த கூட்டத்தைப் பழனிக்குமார்தான் காப்பாற்றினார். தன் கட்சியின் மீதி நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"அக்கா பேசுனது மனசத் தொட்டுருச்சு, நான் இல்லங்கல. ஆனா ஒண்ணு. எங்க தோப்புல போன கோடையில போர்ல தண்ணி நின்னு போச்சு. அன்னைக்கு ஒவ்வொரு மரமா நான் பாத்துக்கிட்டு நின்னேன். தண்ணிய அடைக்கிறவனுக்கு ஆயிரம் சோகம் இருக்கட்டும். அண்ணன் மேல கோவம்னா அண்ணன் அரமணைக் கெணத்த அடைக்க வேண்டியதுதான? பூவணி என்ன பாவம் பண்ணுச்சு? அவனக் கூப்பிட வராதது அந்தப் புள்ளயா?"

கூடம் அதிர்ந்தது. மணிமேகலை தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவனைக் கூப்பிடப் போகாத அண்ணன் பெரிய குற்றவாளி, ஆனாலும் பூவணிக்காக மகரவேந்தனை மன்னிக்க முடியாது என்று முடித்தாள். கை தட்டியவர்களில் சைதூன் மாமியும் இருந்தாள். இஃப்பத் அதைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

எல்லோரும் பன்னும் டீயுமாகக் கலைந்தபோது மூன்று பேரும் கூடத்துக்கு வெளியே மாடிப்படித் திருப்பத்தில் நின்றார்கள். கீழே கடைவீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தடியில் இருந்தது.

"நீங்க எதுக்கு மாமி கை தட்டுனீங்க?" என்று இஃப்பத்தான் கேட்டாள். "நீங்க மன்னிக்கலாம் கட்சி."

"யாரு, அந்த மகரவேந்தனையா? ஊரையே காயப்போட்டவன எவ மன்னிப்பா?" மாமி முகத்தைச் சுளித்தாள். "பச்சப்புள்ளயக் கொன்னுருக்கான். அவன் நாசமாப் போகட்டும். நான் பேசுனது நம்ம பையனப் பத்தி. அவன் யாரக் கொன்னான்டே? பஸ் ஏறிப் போனான், அவ்வளவுதான!"

அப்பாஸ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, ருக்சானா…" என்றார். "அந்தப் புள்ளயோட வாழ்க்கைய…"

"ருக்சானாவா? நிக்காஹ் நின்னுருச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு அவ ரெண்டு தட்டு பிரியாணி சாப்ட்டா. அதுக்கு முந்தி ஒரு வாரமாச் சோறே எறங்கல அவளுக்கு. அவனக் கட்டிக்க அவளுக்கும் பிரியமில்ல. சொல்லப் பயந்துக்கிட்டுக் கெடந்துருக்கா. அன்னைக்கு நீ வாசல்ல வந்து நிக்கயில இதச் சொல்லத்தான் கூப்புட்டேன். நீ வசனம் பேசிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்ட."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"நான் ஏன் வரணும்? நான் மூத்தவ. நீயில்ல வரணும்!" என்றாள் மாமி. உடனேயே அவள் குரல் இறங்கியது. "நீ வருவ வருவன்னு பாத்தேன். அப்புறம் மருமகன் போன்ல அந்தக் குரூப்பப் பாத்தேன், ஒன் பேச்சு வந்துச்சு. என்னையும் சேத்து விடுங்கன்னு சொன்னேன். நாடகத்த அப்புறந்தான் பாக்க ஆரம்பிச்சேன். ஒன் குரலக் கேக்குறதுக்குத்தான் மொதல்ல சேந்தேன்."

அப்பாஸ் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து இஃப்பத் குனிந்தாள். அவர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"ரெண்டு தட்டா?" என்றார்.

"ரெண்டு தட்டு. மேல ஒரு முட்ட."

இஃப்பத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலு வருஷமாக வீட்டில் சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது என்பதுபோல் நடந்துகொண்டோமே, யாருக்காக என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. பன் தட்டோடு எட்டிப் பார்த்த சுருளிவேல் ஒன்றும் புரியாமல் உள்ளே போய்விட்டான்.

அப்பாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இஃப்பத்து, திண்டுக்கல்லருந்து கோயம்புத்தூருக்கு இப்பப் பஸ் இருக்குமா?"

"இப்பவேயா த்தா? அண்ணனுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிட்டு…"

"போன் வேணாம். போன்ல எனக்குப் பேச வராது."

"போயி அவன் வாசல்லயும் நின்னு வசனந்தான் பேசுவ" என்று மாமி கைப்பையைத் தோளில் மாட்டினாள். "செத்த நேரம் இருடே. நானும் வாரேன். வரும்போது பாலசமுத்திரத்துல ருக்சானாவப் பாத்துட்டு வருவோம். ஒன் பேரப்புள்ளய நீ இன்னும் பாக்கல."

மறுநாள் காலையில் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் இஃப்பத் போகவில்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டாள். மிச்சமிருந்த பன்னை மாமி விடாமல் எடுத்துக்கொண்டாள். ஜன்னலோர இருக்கைக்கு இருவரும் தகராறு பண்ணி, மாமி ஜெயித்தாள். அண்ணன் தங்கியிருக்கும் இடத்தின் விலாசத்தை இஃப்பத் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தபோது அத்தா அதைப் பார்க்கவே இல்லை. "தெரியும்" என்றார்.

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் போன் வந்தது. நிஹால்.

"இஃப்பத்து, என்ன புள்ள நடக்குது? கதவத் தட்டுனாங்க, தெறந்தா அத்தா நிக்கிறாரு. பின்னாடி மாமி."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என்னப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் கையில இருந்த பன்னக் குடுத்தாரு. நான் வாங்கிக்கிட்டேன். மாமிதான் எங்க ரெண்டு பேரையும் உள்ள தள்ளிக் கதவச் சாத்துனாங்க." அவன் குரல் கம்மியது. கனைத்துச் சரிசெய்துகொண்டான். "இப்பப் பேசுறாரு. நிறுத்தாமப் பேசுறாரு. ரூம்ல கூட இருக்குற பசங்களையெல்லாம் உக்கார வச்சு, யாரோ மகரவேந்தனாம், அவன மன்னிக்கலாமா கூடாதான்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. யாரு புள்ள அவன்? நமக்குச் சொந்தமா?"

"சொந்தமில்ல" என்றாள் இஃப்பத். "நீ ஊருக்கு வா, சொல்றேன்."

"வரச் சொல்றாரு. ரெண்டு நாள் லீவு கேட்டுருக்கேன்."

போனை வைத்த பிறகு அவளுக்குப் பசித்தது. சோறு போட்டு, ரசம் ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்ததும், பின்னறைக் கதவைத் திறந்தாள். நிஹால் போன பிறகு அங்கே கடைக்கு வாங்கின மைதா மூட்டைகளை அடுக்கத் தொடங்கியது, இப்போது கூரைவரை போயிருந்தது. கடையில் அடுப்பு வேலை பார்க்கும் கருப்புசாமியைக் கூப்பிட்டாள். இருவருமாக ஒவ்வொன்றாக இறக்கி முன்னறைக்கு மாற்றினார்கள். கட்டில் தெரிந்தது. சுவரில் ஒரு பழைய சட்டை ஆணியிலேயே தொங்கியது, வெள்ளை வெளேரென்று மாவு படிந்து.

"திடீர்னு எதுக்கும்மா இதெல்லாம்?" கருப்புசாமி மூக்கைத் துண்டால் துடைத்தார். "யாரும் வாராகளா?"

"எங்க அண்ணன் வாரான்" என்றாள் இஃப்பத்.

அப்படிச் சத்தமாகச் சொல்வது அவளுக்கே புதிதாக இருந்தது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். பாலசமுத்திரத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டு, நாலு பேரும் கிளம்பிவிட்டதாக மாமி போன் பண்ணியிருந்தாள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு ருக்சானாவும் வருகிறாளாம். பாதி அறை கூட்டி முடித்தபோது மறுபடி ஒரு செய்தி வந்து விழுந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டிட்டோம் என்றிருந்தது.